நான்கரை வயதுக் குழந்தையுடன் மாமல்லபுரம்: எதைக் காட்டுவது, எதைச் சொல்வது?

தாம்பரத்திலிருந்து நான்கரை வயது மகளையும் மாமியாரையும் அழைத்துக்கொண்டு ஒரு நாள் மாமல்லபுரம் சென்று வர நினைக்கிறீர்கள். "பச்சைக் குழந்தைக்கு அங்கே என்ன புரியப்போகிறது, வெயிலில் அலைந்ததுதான் மிச்சமாகும்" என்று வீட்டில் சொல்கிறார்கள். உங்களுக்கும் பல்லவர் வரலாறு பெரிதாகத் தெரியாது என்பதால், வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொள்ள வேண்டுமா, அல்லது பஞ்ச பாண்டவர் கதையைச் சொல்லிச் சமாளித்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பயண ஏற்பாட்டைப் பற்றிய கேள்விபோல இது தோன்றினாலும், நமக்கே அரைகுறையாகத் தெரிந்த ஒன்றைக் குழந்தைக்கு எப்படிச் சொல்வது என்ற தயக்கமே இதன் அடியில் இருப்பதாக எனக்குப் படுகிறது. அதற்கே முதலில் பதில் சொல்ல முயல்கிறேன்.

நான் பண்டைய வரலாறும் தொல்லியலும் முறையாகப் படித்தவன். இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மாமல்லபுரம் சென்று வருகிறேன். குழந்தை மருத்துவமோ உளவியலோ நான் கற்றதில்லை. எனவே குழந்தைகளைப் பற்றி இங்கே நான் சொல்வதெல்லாம் அருகில் நின்று கவனித்ததிலிருந்து வந்தவையே. என் முதல் பாடத்தை என் அக்காள் மகனிடமிருந்து கற்றேன். அவனுக்கு ஐந்து வயது இருக்கும்போது ஒரே நாளில் பதினோர் இடங்களைக் காட்டினேன். மறுநாள் அவன் பாட்டியிடம் சொன்னது, வழியில் ஓர் ஆட்டுக்குட்டி தன் செருப்பை முகர்ந்து பார்த்தது என்பது ஒன்றைத்தான். அன்றிலிருந்து ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இரண்டு இடங்கள், மிஞ்சினால் மூன்று என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். தாராளமாகச் செல்லுங்கள், ஆனால் மாமல்லபுரத்தைப் பார்த்து முடித்துவிட வேண்டும் என்ற எண்ணத்தோடு செல்லாதீர்கள். ஒரு பாறையில் உள்ள விலங்குகளையும், ஒரு மணல்வெளியில் உள்ள கல் வீடுகளையும் பார்க்கப் போகிறோம் என்று அவளிடம் சொல்லி அழைத்துச் செல்லுங்கள்.

விடியற்காலையில் புறப்பட்டு, நேராக அருச்சுனன் தபசு எனப்படும் பெரும்பாறைச் சிற்பத்துக்குச் சென்றுவிடுவது நல்லது. அது கிழக்கு நோக்கியது; காலை வெயில் சாய்வாக விழும்போதுதான் புடைப்புகள் எடுப்பாகத் தெரியும். நண்பகலுக்குப் பின் அந்தப் பாறை நிழலுக்குள் போய்விடும், உருவங்களும் மங்கிவிடும். ஏறத்தாழ 30 மீட்டர் நீளமுள்ள அந்தப் பரப்பில் தேவர்களும் முனிவர்களும் வேடர்களும் விலங்குகளுமாக நூற்றுக்கும் மேற்பட்ட உருவங்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பதால், பெரியவர்களுக்கே எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாது. நாம் அண்ணாந்து சிவபெருமானையும் ஒற்றைக்காலில் நிற்கும் தவசியையும் தேடிக்கொண்டிருப்போம். குழந்தையின் பார்வை அவ்வளவு மேலே போகாது. அது முதலில் கீழ்ப்பகுதியில் தங்கும். அங்கேதான் யானைகள் இருக்கின்றன. ஏறக்குறைய உண்மை யானையின் அளவிலேயே செதுக்கப்பட்ட தந்தமுள்ள பெரிய யானையின் வயிற்றுக்கடியில் குட்டிகள் ஒண்டிக்கொண்டிருக்கும். எத்தனை குட்டிகள் என்று எண்ணச் சொல்லுங்கள், விடையை நீங்கள் சொல்லாதீர்கள். ஒவ்வொரு முறையும் வேறு எண்ணிக்கை வரும், அதற்காகவே மீண்டும் பார்ப்பாள்.

பிறகு அந்த யானையின் அருகிலேயே ஒரு பூனையைத் தேடச் சொல்லுங்கள். அது பின்னங்காலில் நிமிர்ந்து நின்று, முன்னங்கால்கள் இரண்டையும் தலைக்குமேல் தூக்கிக்கொண்டிருக்கும். அதன் காலடியில் எலிகள் இருக்கும். அதே பாறைப்பரப்பின் மறுபகுதியில் எலும்பும் தோலுமாகக் கைகளை உயர்த்தி நிற்கும் தவசியைத்தான் இந்தப் பூனை அப்படியே நடித்துக் காட்டுகிறது. நாம் உருத்திராட்சப் பூனை என்கிறோமே, அதேதான். தவம் செய்வதாகப் பாசாங்கு காட்டி எலிகளை நம்பவைத்துத் தின்ற பூனையின் கதை மகாபாரதத்தின் உத்தியோக பருவத்திலேயே வருகிறது. ஆகவே சிற்பி அறியாத கதையை நாம் ஏற்றிச் சொல்கிறோம் என்று கவலைப்பட வேண்டியதில்லை. "பூனை ஏன் கையைத் தூக்கிட்டு நிக்குது?" என்று அவள் கேட்டால், உடனே பதில் சொல்லாமல் "நீயும் அதுமாதிரி நில்லு பாப்போம்" என்று சொல்லிப் பாருங்கள். ஒரு முறை என்னுடன் வந்த குழந்தைகளில் ஒருத்தி அப்படி நின்றுவிட்டு, சற்று நேரத்தில் கை வலிக்கிறது என்று இறக்கிவிட்டாள், பிறகு தானாகவே மேலே இருந்த தவசியைக் காட்டி, "அந்தத் தாத்தாவுக்கு வலிக்காதா?" என்று கேட்டாள். தவம் என்றால் என்ன என்று அரை மணி நேரம் விளக்கியிருந்தாலும் நான் அவளை அந்தக் கேள்விக்குக் கொண்டுவந்திருக்க முடியாது.

பின்னங்காலைத் தூக்கி மூக்கைச் சொறிந்துகொள்ளும் மானும் இங்கே இருக்கிறது. தனிக்கல்லில் செய்யப்பட்ட குரங்குக் குடும்பம் ஒன்றும் அருகில் உண்டு. தாய்க் குரங்கு குட்டிக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்க, இன்னொன்று அதற்குப் பேன் பார்க்கும். இவற்றோடு நிறுத்திக்கொள்ளலாம். பாறையின் நடுவே மேலிருந்து கீழாக ஓடும் பிளவையும் அதில் கைகூப்பியபடி மேலெழும் நாகர்களையும் மட்டும் கடைசியாகக் காட்டுங்கள். பாறையின் உச்சியில் நீர்த்தொட்டி இருந்ததற்கான அடையாளங்கள் உள்ளன. பிளவின் வழியே தண்ணீர் விழச் செய்திருப்பார்கள் என்று பெரும்பாலான ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அந்த நீரை மனத்தில் ஓடவிட்டுப் பார்த்தால், யானைகள் எதை நோக்கி வருகின்றன என்பது விளங்கிவிடும்.

இனி, உங்கள் பாண்டவர் கேள்விக்கு வருகிறேன். இந்தச் சிற்பம் பாசுபதம் என்னும் ஆயுதம் வேண்டித் தவம் செய்த அருச்சுனனையா, கங்கையை மண்ணுக்கு இறக்கிய பகீரதனையா குறிக்கிறது என்பது இன்றுவரை தீராத வழக்கு. சிவபெருமான் வரமளிக்கும் கோலத்தில் நிற்பதையும் வேடர்களையும் காட்டி ஒரு சாரார் அருச்சுனன் என்கிறார்கள். நீர்ப் பிளவையும், அதன் கரையில் குடம் சுமப்பவரையும் துணி பிழிபவரையும் காட்டி மறுசாரார் பகீரதன் என்கிறார்கள். இரண்டு பொருளும் தொனிக்க வேண்டும் என்றே செய்தார்கள் என்பாரும் உண்டு. நான் பகீரதன் பக்கம் சாய்பவன், ஆனால் அதை நிறுவிவிட்டதாகச் சொல்ல மாட்டேன். எனவே இங்கே எந்தக் கதையைச் சொன்னாலும் நீங்கள் பொய் சொன்னவர் ஆகமாட்டீர்கள். "ஒரு தாத்தா சாமியிடம் ஏதோ கேட்டுக் கஷ்டப்பட்டு நிற்கிறார், எல்லா விலங்கும் வேடிக்கை பார்க்க வந்திருக்கின்றன" என்பதே இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும் உரை. நான்கரை வயதுக்கு அதுவே போதும்.

மணல்வெளியில் நிற்கும் அந்தக் கல் வீடுகளான ஐந்து இரதங்களின் நிலை வேறு. தருமராசன், வீமன், அருச்சுனன், திரௌபதி, நகுல சகாதேவன் என்ற பெயர்கள் பிற்காலத்தில் மக்கள் வழங்கியவை. அவற்றுக்கும் பாண்டவருக்கும் தொடர்பில்லை என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு கிடையாது. அவை தேர்களும் அல்ல, கோயில்களின் கல் வடிவங்கள். திரௌபதி இரதத்தின் உள்ளே இருப்பது கொற்றவை, அதாவது துர்க்கை. "இது வீமன் வீடு, இது திரௌபதி வீடு" என்று பெயர் சொல்லி அடையாளம் காட்டுவதில் தவறில்லை, ஏனெனில் ஊரே அப்படித்தான் அழைக்கிறது. ஆனால் பாண்டவர் வனவாசத்தில் இங்கே தங்கியிருந்தார்கள் என்று சொல்லிவிடாதீர்கள். இந்த வயதில் முதலில் விழும் கதை ஆழமாக ஒட்டிக்கொள்ளும். எட்டாம் வகுப்பிலும் அதையே சொல்லிக்கொண்டிருந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். கட்டாயம் ஒரு ராஜா வேண்டும் என்றால் உண்மையான ராஜாவே இருக்கிறார். ஊருக்குப் பெயர் தந்த மாமல்லன், அதாவது 7ஆம் நூற்றாண்டில் காஞ்சியிலிருந்து ஆண்ட முதலாம் நரசிம்மவர்மன். மாமல்லன் என்றால் பெரிய மல்லன், நம் பேச்சில் பெரிய பயில்வான். இரதங்களில் பெரும்பகுதி அவன் காலத்தில் தொடங்கப்பட்டது என்பதே பரவலான கருத்து. தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி, இங்குள்ளவை அனைத்துமே மூன்று தலைமுறைக்குப் பின் வந்த பல்லவ மன்னன் இராசசிம்மனுடையவை என்று வாதிட்டார். பல்லவர் செய்தார்கள் என்பது உறுதி. எந்தப் பல்லவன் எதைச் செய்தான் என்பதில்தான் விவாதம்.

தபசுப் பாறையிலிருந்து இரதங்களுக்குத் தெற்கே சுமார் ஒன்றரை கிலோமீட்டர். அங்கே கிளம்புமுன் பாறைக்கு ஒட்டினாற்போலத் தெற்கில் இருக்கும் கிருஷ்ண மண்டபத்துக்குள் கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டுச் செல்லுங்கள். முன்னால் உள்ள தூண் மண்டபம் விசயநகரக் காலத்தில் சேர்க்கப்பட்டது. நல்ல நிழல் தரும், உங்கள் மாமியாருக்கும் உட்கார வசதி. உள்ளே கண்ணன் கோவர்த்தன மலையைத் தூக்கி நிற்கும் காட்சியைக் காட்டிலும், அதே சுவரில் ஒருவர் குத்துக்காலிட்டுப் பால் கறக்கும் காட்சியை அவளுக்குக் காட்டுங்கள். மடியை அவரிடம் விட்டுவிட்டு, பசு தலையைத் திருப்பித் தன் கன்றை நக்கிக்கொண்டிருக்கும். பால் சுரக்கவேண்டுமென்றால் கன்று பசுவின் முகத்தருகே நிற்கவேண்டும் என்பது மாடு வளர்த்தவர்களுக்குத் தெரியும், செதுக்கியவருக்கும் தெரிந்திருக்கிறது. உங்கள் மாமியார் கிராமத்தில் வளர்ந்தவராயின், இந்த ஓரிடத்தில் வழிகாட்டியின் வேலையை அவரிடமே ஒப்படைத்துவிடுங்கள்.

இரதங்கள் உள்ள வளாகத்துக்குள் வடக்கிலிருந்து நுழைந்தால், கல் யானையின் பின்புறம்தான் முதலில் தெரியும். அதற்குப் பக்கத்தில் இருக்கும் நகுல சகாதேவ இரதத்தின் பின்புறமும் அதேபோல வளைந்திருக்கும். இந்த அமைப்புக்குத் தமிழில் தூங்கானை மாடம் என்று பெயர், படுத்துறங்கும் யானையின் பின்பக்கம் போன்ற மாடம். இரண்டையும் அருகருகே காட்டி, எது யானை, எது வீடு என்று கேளுங்கள்; குழந்தைகள் சிரித்துவிடுவார்கள். வடிவ ஒற்றுமையைக் காட்டுவதற்காகவே சிற்பி யானையை அங்கே நிறுத்தினார் என்பது ஊகம்தான், ஆனால் நம்பத்தக்க ஊகம். அடுத்து, வரிசையாக நிற்கும் நான்கு இரதங்களைத் தள்ளி நின்று காட்டுங்கள். தெற்கில் உயரமான தருமராச இரதத்தில் தொடங்கி, வடக்கில் ஓலைக்குடிசை போன்ற திரௌபதி இரதம்வரை உயரம் குறைந்துகொண்டே வரும். சரிந்து கிடந்த ஒரே நெடும்பாறையை இப்படி நான்காகச் செதுக்கினார்கள் என்பதுதான் காரணம். அப்பா, அம்மா, அக்கா, பாப்பா நிற்பதுபோல என்று அவளே சொல்லக்கூடும். திரௌபதி இரதத்தின் உள்ளே கொற்றவையின் காலடியில் ஒருவன் தன் தலையையே அரிந்து கொடுக்க முற்படும் உருவம் உண்டு. அதை இந்த வயதில் சுட்டிக்காட்ட வேண்டியதில்லை. வெளியே நிற்கும் சிங்கமும், அருச்சுன இரதத்தின் பின்னால் படுத்திருக்கும் நந்தியும் போதும்.

இந்த விலங்குகளின்மேல் குழந்தையை உட்காரவைத்துப் படமெடுப்பதை எல்லோரும் செய்வதால், அவளும் கேட்பாள். தயவுசெய்து மறுத்துவிடுங்கள். கடற்காற்றின் உப்பு ஏற்கெனவே அந்தக் கல்லைத் தின்றுகொண்டிருக்கிறது. கடற்கரைக் கோயிலின் சுவரில் ஊறிய உப்பை வெளியே இழுக்கத் தொல்லியல் துறையினர் காகிதக்கூழை அப்பி எடுப்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அதன்மேல் நாள்தோறும் ஆயிரக்கணக்கானோரின் கையும் காலும் உராய்வதால் மூக்கும் காதும் மழுங்குகின்றன. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்ப்பதை ஒரு விளையாட்டாகவே நான் சொல்லிக்கொடுப்பேன். தொடும் ஆசை தீர வேறு இடம் இருக்கிறது. ஊருக்குள் சாலையோரம் எங்கும் சிற்பக்கூடங்கள். இங்கே அரசுச் சிற்பக் கல்லூரி 1957 முதல் நடந்துவருகிறது, இவ்வூர்க் கற்சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடும் உண்டு. உளிச்சத்தம் கேட்கும் கூடமாகப் பார்த்து, அனுமதி கேட்டு, பாதி செதுக்கிய ஒரு கல்லை அவள் தடவிப் பார்க்கட்டும். பளபளப்பாக்கிய பகுதி வழுக்கும், கொத்திய பகுதி சுரசுரக்கும். ஒரு யானையைக் கல்லிலிருந்து எப்படி எடுக்கிறார்கள் என்பதை அவள் விரலால் தெரிந்துகொள்வாள். ஆனால் கிரைண்டர் ஓடும் கூடத்தின் அருகே போகவே வேண்டாம். அந்தப் புகைபோன்ற கல்தூசு நுரையீரலுக்குக் கெடுதல்.

எவற்றை விட்டுவிடலாம் என்றும் சொல்லிவிடுகிறேன். கலங்கரை விளக்கம், மகிடாசுரமர்த்தினி குகை, வராக மண்டபம் ஆகியவற்றை அவளுக்கு எட்டு வயதாகும்போது பார்த்துக்கொள்ளலாம். வெண்ணெய்ப் பந்து என்னும் உருண்டைப் பாறை தபசுக்கு வடக்கே மிக அருகில் இருக்கிறது; அழுது அடம்பிடிக்கும் நிலை வந்தால் அங்கே கூட்டிச் செல்லுங்கள், சரிவில் நிற்கும் அதைப் பார்த்தவுடன் அழுகை நின்றுவிடும். ஏறத்தாழ 250 டன் எடையுள்ளதாக மதிப்பிடப்படும் அதை 1908இல் ஆளுநர் ஒருவர் ஏழு யானைகளைக் கட்டி இழுத்துப் பார்த்தார் என்று வழிகாட்டிகள் தவறாமல் சொல்வார்கள். அதற்கு நம்பகமான ஆவணம் எதையும் நான் கண்டதில்லை, கதையாகவே சொல்லுங்கள். கடற்கரைக் கோயில் அழகானதுதான். மற்றவைபோலப் பாறையைக் குடைந்ததல்ல, 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்மன் காலத்தில் கல்லை அடுக்கிக் கட்டியது. ஆனால் கடலைக் கண்ட குழந்தை கோயிலைப் பார்க்காது என்பது என் அனுபவம். அலையில் கால் நனைக்க விரும்பினால் கையை விடாமல் ஓரத்திலேயே நிற்க வையுங்கள். அந்தக் கடலில் இழுப்பு அதிகம், குளிக்க உகந்ததல்ல. ஏழு கோயில்களில் ஆறு கடலுக்குள் போய்விட்டன என்ற கதையை உங்கள் மாமியார் அங்கே சொல்லக்கூடும். 2004 ஆழிப்பேரலையின்போது மணல் அரிக்கப்பட்டுச் சில செதுக்கிய கற்கள் வெளிப்பட்டதும், கடலடியில் கட்டுமானச் சிதைவுகள் பதிவாகியிருப்பதும் உண்மை. ஆறு முழுக் கோயில்கள் என்ற எண்ணிக்கை மட்டும் செவிவழிச் செய்தி. அவரைத் திருத்த வேண்டாம். அவருக்குத் தரிசனம் செய்ய விருப்பமிருந்தால், பூதத்தாழ்வார் அவதரித்த தலமான தலசயனப் பெருமாள் கோயில் தபசுப் பாறைக்கு எதிரிலேயே இருக்கிறது. உச்சிக்கு முன் சென்றுவிட வேண்டும், பிறகு நடை சாத்திவிடுவார்கள்.

இப்படிக் குறைத்துக்கொண்டால் வழிகாட்டி தேவைப்படாது. அமர்த்தியே தீர்வதென்றால், அடையாள அட்டை உள்ளவராகப் பார்த்து, "விலங்குகளை மட்டும் காட்டுங்கள், அரை மணி நேரம் போதும்" என்று முதலிலேயே பேசிவிடுங்கள். இல்லாவிட்டால் அவர் மனப்பாடமாக ஒப்பிப்பதைக் கேட்டுக்கொண்டு நீங்கள் நிற்க, குழந்தை உங்கள் புடவையை இழுத்துக்கொண்டிருப்பாள். இரதங்களுக்கும் கடற்கரைக் கோயிலுக்கும் ஒரே நுழைவுச்சீட்டுதான். 15 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கட்டணம் கிடையாது. தள்ளுவண்டியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள், மணலில் ஓடாது. தை, மாசி மாதங்கள் ஏற்றவை. சித்திரை, வைகாசியில் பத்து மணிக்கே பாறை கொதிக்கும். அவள் முகம் வாடினால், அடுத்த இடம் நூறடி தூரத்தில் இருந்தாலும் திரும்பிவிடுங்கள். தாம்பரத்தில் இருப்பவர்களுக்கு மாமல்லபுரம் அடுத்த மாதமும் அங்கேயேதான் இருக்கும்.

வீடு திரும்பியதும் செய்ய ஒன்று சொல்கிறேன். ஒரு சோப்புக்கட்டியையும் ஒரு பழைய தேக்கரண்டியையும் அவளிடம் கொடுத்து, யானை செய்யச் சொல்லுங்கள். களிமண் வேண்டாம், களிமண்ணில் ஒட்டிச் சேர்க்கலாம், பல்லவச் சிற்பிகளால் எதையும் சேர்க்க முடியவில்லை, நீக்க மட்டுமே முடிந்தது. இரதங்களை மேலிருந்து கீழாகச் செதுக்கினார்கள் என்பதற்கு, மேலே முடிந்து அடிப்பகுதி முடியாமல் நிற்கும் பகுதிகளே சான்று. அவளையும் யானையின் முதுகிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். தும்பிக்கை பாதியில் உடைந்து அவள் அழ வாய்ப்பிருப்பதால், இரண்டாவது சோப்புக்கட்டி ஒன்றையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.